வேலி நடக்கும்

அந்த மாரி முழுவதும் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு வேலி இருக்கவில்லை. பனிக்கு முன்னர் அடித்த காற்று பழைய மரவேலியை அப்படியே படுக்க வைத்துவிட்டது. வேலி போடுகிற பெடியன் வந்து நிலத்தைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இறுகிப்போச்சு அன்ரி, இனி இளகினாத்தான் தூண் நடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு பனி வந்தது. இங்கே கனடாவில், மில்லிக்கனில் பனி கொட்டுகிற மத்தியானங்களில் ஒரு சத்தமும் இராது. குசினி யன்னலால் பார்த்தால் எங்கள் வளவும் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரின் வளவும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். எது எங்கே முடிகிறதென்று தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி நின்றநிலையிலேயே அரைத் தூக்கத்துக்குப் போய்விடுவேன்.

அக்காவுக்கோ அது பெரிய கரைச்சல்.

"வேலியில்லாத வளவுக்கை எப்பிடியடி உனக்கு நித்திரை வருது?" என்பாள்.

"ஏன், அந்த மனிசன் எங்கட பனியை அள்ளிக்கொண்டு போகப்போறாரே?"

"உனக்கொரு கோதாரியும் விளங்காது" என்று யன்னல் சீலையை இழுத்து மூடுவாள். நான் திறப்பேன். அவள் மூடுவாள். அத்தான் கண்ணை மூடி, பிறகு என்னுடைய மனிசனும் கண்ணை மூடி, என் ஒரே மகள் கலியாணம் கட்டிப் பிறம்ரனுக்குப் போன பிறகு, நாங்கள் இரண்டு கிழடுகளும் ஒரு குசினிக்குள் சண்டை பிடித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள்தான் அவளுக்கும் மகள்.

வேலி விஷயத்தில் அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. நாங்கள் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்குச் சனம். எங்கள் ஊரில் கடவுளுக்கு அடுத்தது வேலி. கிளுவைக் கொப்பை வெட்டிக் கதியாலாக நட்டால் அது வேர்விட்டு, இலைவிட்டு, உயிருள்ள வேலியாக நிற்கும். வருஷா வருஷம் வேலி அடைக்கும்போது பக்கத்துக் காணிக்காரன் ஒரு கதியாலை நான்கு விரற்கடை இந்தப் பக்கம் தள்ளி நடுவான். அதற்கு 'அரக்கிறது' என்று பெயர். அரக்கினவனும் அரக்கப்பட்டவனும் பிறகு வழக்குப் போட்டுக் கோட்டில் சந்திப்பார்கள். அப்பா ஒவ்வொரு விடியலும் பல்லுத் தீட்டிக்கொண்டு எல்லை நெடுக நடந்து, ஒவ்வொரு மூலையிலும் நின்று தொண்டையைச் செருமுவார். ஆள் நிற்கிறது என்று அடுத்த வளவுக்குத் தெரிய வேண்டுமாம். "ஆளில்லாத காணியிலை வேலி நடக்கும்" என்பார்.

அவர் சொன்னது கள்ளத்தனத்தைப் பற்றி. நான் சின்னப்பிள்ளை, அதை அப்படியே நம்பிவிட்டேன். எங்கேயோ ஆளில்லாத காணி ஒன்றில் கிளுவைக் கதியால்கள் வேரைத் தூக்கிக்கொண்டு, இலையும் கொப்புமாக, ஒருவருக்குப் பின் ஒருவராய் மெல்ல மெல்ல நடந்து போகிறதாகக் கனவு காண்பேன். பயமாக இராது. திருவிழாவுக்குப் போகிற சனம் மாதிரித்தான் போகும். இந்த வயதிலும் அந்தக் கனவு வருகிறது. இப்போது பனிக்குள்ளால் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் குமர்ப்பிள்ளைகளாக இருந்தபோது ஆமி எங்கள் ஊரைப் பிடித்தது. ஊரோடு எழும்பி ஓடினோம். பிறகு யாழ்ப்பாணமே எழும்பி ஓடிய அந்த மழை நாளில் மறுபடி ஓடினோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் நாலு குடும்பம். கரும்பலகைக்குக் கீழே எங்கள் பாய். யாழ்ப்பாணம் முழுக்க ஆமியின் கையில் என்ற கதை வந்தபோது, இனி எங்கே போவது என்று வகுப்பறை இரண்டாகப் பிரிந்தது. கடலேரி தாண்டி வன்னிக்குப் போகிறதா, திரும்பி ஆமி கொன்ரோலுக்குள் போகிறதா?

"ஆமியிட்டையோ போகப்போறியள்?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்டார். கேட்டவரும் விடியும்போது திரும்பிப் போகிற வரிசையில்தான் நின்றார். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவருக்கு மாடு. ஒருவருக்குப் பிள்ளையின் சோதினை. ஒரு மனிசி நெல்லு அவித்து முற்றத்தில் காயப் போட்டபடியே விட்டுவிட்டு வந்தவ. அது இன்னும் அங்கே காய்ந்துகொண்டிருக்கும் என்று அவ நம்பினா. அம்மா எல்லாருக்கும் முன்னால் சொன்னா: "எனக்கு மறைவா ஒரு கக்கூஸ் வேணும். ஆர் ஆண்டால் எனக்கென்ன?" அந்த வகுப்பறையில் அத்தனை மாதங்களில் நான் கேட்ட ஒரே நேர்மையான அரசியல் பேச்சு அதுதான்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அவர் வேலியை நினைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பிப் போனோம். ஆனால் எங்கள் ஊருக்குள் விடவில்லை. அது காம்பாகிவிட்டது. மல்லாகத்தில் ஒரு அறை எடுத்து இருந்தோம். அப்பா விடிய எழும்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆமியின் சென்றிக் காவலரண் வரைக்கும் போவார். அதற்கங்கால் போக ஏலாது. அந்த இடத்தில் இறங்கி நின்று ஒருதரம் செருமிவிட்டுத் திரும்பி வருவார். வீடு அங்கிருந்து எவ்வளவோ தூரம். "உங்கட செருமல் ஆருக்கப்பா கேக்கப்போகுது?" என்று நான் நெளிப்புக் காட்டுவேன். அக்கா சிரிக்கமாட்டாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்துவிட்டோம். அப்பா அந்த அறையிலேயே போய்ச் சேர்ந்தார்.

காணியை அப்பா ஓட்டத்துக்கு முன்னமே இரண்டாகப் பிரித்துச் சீதனமாக எழுதியிருந்தார். அக்காவுக்கு உள்பக்கம்: வீடு, கிணறு, முற்றத்து வேம்பு. எனக்கு றோட்டுப் பக்கம் கிடந்த கலட்டி. கல்லும் நாயுண்ணிப் பற்றையும்தான். அதை நான் லேசில் விட்டேனா? "மூத்தவளுக்கு மாளிகை, இளையவளுக்கு மண்ணாங்கட்டி" என்று கனடா வந்தும் சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். ஆமியிடம் போன காணிக்கு இரண்டு பேரும் ஸ்காபுரோவில் இருந்துகொண்டு சண்டை பிடித்தோம்.

அந்த மாரியில், வேலி விழுந்து கொஞ்ச நாளில், ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் ஃபோன் எடுத்துச் சொன்னார்: "எங்கட பக்கம் விட்டிட்டாங்கள்." பேப்பர்காரர் அதற்கு 'காணி விடுவிப்பு' என்று எழுதுவார்கள். எங்கள் சனத்துக்கு அது 'விட்டிட்டாங்கள்', அவ்வளவுதான். பிடித்த கையை விடுகிற மாதிரி. முழுக்க விட்டார்களா என்று கேட்டோம். இல்லையாம். றோட்டுப் பக்கம் மட்டும். காம்பின் முள்ளுக்கம்பி இப்போது எங்கள் இரண்டு பங்குக்கும் நடுவால் போகிறதாம். அக்காவின் வீடு எப்போதோ தரைமட்டம். கிணறு மட்டும் உள்ளுக்குள் இருக்கிறது. வெளியே வந்தது என்னுடைய கலட்டி.

நான் சிரித்துவிட்டேன். "பாத்தியே, கடைசியிலை மண்ணாங்கட்டிதான் தப்பியிருக்கு" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானம், பனி பார்த்தபடி நான் நிற்க, பின்னால் வந்து கேட்டாள்.

"உன்ர காணியிலை ஒரு அறை போட விடுவியே?"

"ஆருக்கு?"

"எனக்குத்தான். போய் இருக்கப்போறன்."

"உனக்கென்ன விசரே? ஆமிக் காம்புக்குப் பக்கத்திலையோ? தனி மனிசியோ?"

"கம்பி எங்கட காணிக்கு நடுவாலை போகுதடி. ஆளில்லை எண்டால் அது நடக்கும். முதல் உன்ரையை விழுங்கும், பிறகு என்ரை கதையே இல்லை."

"ஏலாது" என்றேன். "என்ர காணி. நான் விடமாட்டன்."

அவ்வளவு நாளும் மண்ணாங்கட்டி என்று திட்டின காணியை அன்றைக்குத்தான் என்னுடையது என்று முதன்முதல் சொன்னேன். எனக்குப் பயம். ஆமிப் பயம் ஒன்று. அதைவிடப் பெரியது, இவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு சண்டை பிடிக்கிறது என்கிற பயம். யன்னல் சீலையைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் வேண்டாமா? நான் 'ஓம்' சொன்னால் போவாள், சொல்லாவிட்டால் போகமாட்டாள். அந்தளவுக்கு அவள் நேர்மையானவள். அதனால் நான் 'ஓம்' சொல்லவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமை பிறம்ரனிலிருந்து வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குத் தலை சுற்றியது. "பட் வை, பெரியம்மா? அங்க ஆமி இருக்கெல்லோ? நீங்க வீட்டை விட்டு ஓடினது அவங்களால தானே?"

"ஓம் பிள்ளை."

"பிறகு ஏன் அவங்களுக்குப் பக்கத்துல போய் லிவ் பண்ணுறீங்க? ஹெல்த் கார்டும் போயிடும்."

அக்கா அவளுக்குக் காலநிலை சொன்னாள், பென்சன் அங்கே தாராளமாகக் காணும் என்று சொன்னாள், முழங்கால் குளிருக்கு நோகிறது என்று சொன்னாள். எல்லாம் பொய். அப்பா வகுப்பறையில் வாயை மூடிக்கொண்டு இருந்த மாதிரி, உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மகள் ஃபோனில் எங்கள் காணியை வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெருப்பித்துக் காட்டினாள். பச்சைக்குள் ஒரு சாம்பல் கோடு. அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படத்தை மூக்கடியில் பிடித்துக் கனநேரம் பார்த்தாள். பிறகு அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். விரலை எடுத்தால் கோடு நகர்ந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

பனி விடாமல் கொட்டிய ஒரு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் அதே கதியால்கள், அதே நடை. யாரோ செருமுகிற சத்தம் கேட்டது. அப்பா வந்திருக்கிறார் என்று கனவுக்குள்ளேயே நினைத்தேன். கண் விழித்த பிறகும் செருமல் கேட்டது. எழும்பிப்போய்க் குசினி யன்னலால் பார்த்தேன்.

அக்கா பின்வளவில் முழங்காலளவு பனிக்குள் நின்றாள். வீட்டுச் சட்டைக்கு மேல் பெரிய கோட்டு, தலையில் துவாய். விழுந்த வேலி இருந்த எல்லை நெடுகக் கால் புதையப் புதைய நடந்து, மூலையில் நின்று, சீனக் கிழவரின் வளவைப் பார்த்து உரக்கச் செருமினாள். பிறகு மற்ற மூலைக்கு நடந்தாள். அங்கேயும் செருமினாள். அந்த மனிசன் தன் வீட்டு யன்னலில் நின்று பார்த்துவிட்டு, தனக்கு வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, மெல்லத் தலை குனிந்தார். அக்காவும் குனிந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியதும் அழுகை வந்துவிட்டது. ஒருவரும் எடுக்க வராத ஒரு துண்டு வளவுக்கே இப்படிக் காவல் நிற்கிறவளை, ஆமி பிடித்த காணியை நினைத்து ஏங்க விட்டு, இந்தக் குசினிக்குள் நான் பூட்டி வைத்திருக்கிறேன். பின்கதவைத் திறந்து கத்தினேன்.

"அக்கா! உள்ளுக்கை வா, விறைச்சுச் சாகப்போறாய்!"

"வாறன், வாறன்."

"அங்கை போய்த் துலை! போய் அறையைப் போடு! உன்னோடை எனக்கு மாரடிக்கேலாது!"

அவள் பனிக்குள் நின்றபடி என்னைப் பார்த்தாள். "உண்மையாத்தானோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். குளிருக்குள் அந்தச் சொல் புகையாகப் போனது.

உடனே போகவில்லை. "உன்னை வேலியில்லாத வீட்டிலை விட்டிட்டு எப்பிடியடி போறது?" என்று நிலம் இளகும்வரைக்கும் இருந்தாள். பெடியன் வந்தான். பழைய தூண்களின் கொங்கிறீற் அடிக்கட்டை நிலத்துக்குள் கிடந்தது. அதைக் கிண்டி எடுக்க அவனுக்குப் பஞ்சி, சோம்பேறிப் பெடியன். கொஞ்சம் தள்ளிப் புதுக்குழி தோண்டித் தூணை நட்டுவிட்டான். அவன் போனதும் அக்கா நூற்பந்தைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டாள். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து காதுக்குள் சொன்னாள்.

"நாலு விரல் அரக்குப்பட்டுப்போச்சு."

"ஐயோ, எங்கட பக்கமோ?"

"அவற்ரை பக்கம். எங்களுக்கு லாபம். வாயை மூடிக்கொண்டு இரு."

அன்று பின்னேரமே உழுந்து வடை சுட்டு ஒரு தட்டு நிறையச் சீனக் கிழவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மனிசன் ஏன் எதற்கென்று தெரியாமல் சந்தோஷப்பட்டார். மனச்சாட்சிக்குப் பொரித்த வடை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நல்ல மொறுமொறுப்பாக இருந்தது.

போவதற்கு முன்னர் றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை. பிறகு எயார்போட். மகள்தான் கார் ஓடினாள். திரும்பி வருகிற நாளும் போட்டு ஒரு வருஷ ரிக்கெற் எடுத்துக் கொடுத்திருந்தாள். நான் அந்த நாளைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். "போட்டு வா அக்கா" என்றேன். "ஓம்" என்றாள். 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருகிற சொல்லை அவள் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் பட்டது. அவளுடைய மாரிக் கோட்டைக் கொழுவியிலிருந்து எடுக்காமல் அப்படியே விட்டேன்.

ஊரில் அறை எழும்பியது. தகரக் கூரை, ஒரு கதவு. என் கலட்டியில் றோட்டோரமாக, சனம் போய்வருகிற பக்கம் கட்டச் சொல்லியிருந்தேன். கேட்டாளா? முள்ளுக்கம்பிக்கு ஒட்டினாற்போல் கட்டியிருந்தாள். பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தான். முதல் கிழமை கதவுக்குப் பின்னாலை உலக்கையை வைச்சுக்கொண்டுதான் படுத்தனான்" என்றாள். பிறகு பயம் அலுத்துவிட்டது என்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம், அவளுடைய வீடு இருந்த இடத்தில், ஒரு ஆமிப் பெடியன் பூசணி நட்டிருக்கிறானாம். பின்னேரங்களில் அவளுடைய கிணற்றில் மோட்டர் போட்டுத் தண்ணீர் இறைக்கிறானாம்.

"கேக்குதே?" என்று ஃபோனைக் கம்பிப் பக்கம் நீட்டுவாள். தூரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம். "எங்கட கிணறடி. அதே சத்தம்."

"குடிக்கத் தண்ணிக்கு என்ன செய்யிறாய்?"

"பவுசர் லொறியிலை வருது."

சொந்தக் கிணற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பவுசர்த் தண்ணீர் குடிக்கிறாள் என் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கோ அது பாட்டுக் கேட்கிற மாதிரி. இங்கே விடிகிற நேரம் அங்கே பின்னேரம். தேத்தண்ணி வைத்துக்கொண்டு, கண் முழுக்கத் திறவாமல், நானும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் நிற்பேன். சில நாட்களில் நான் எந்தக் குசினியில் நிற்கிறேன் என்பதே மறந்துபோகும். செருமினாயா என்று கேட்பேன். செருமினேன் என்பாள். கம்பி எங்கே என்று கேட்பேன். "அங்கையேதான் நிக்குது" என்பாள். ஒவ்வொரு நாளும் இதுதான் கதை.

மாரி வந்து போனது. ரிக்கெற் நாள் கிட்டக் கிட்ட வந்தது. அக்காவின் கட்டில் விரிப்பைத் தோய்த்துப் போட்டேன். மகளிடம் சொல்லி எயார்போட்டுக்கு வருகிற நேரத்தையும் சரிபார்த்து வைத்தேன். அப்படியொரு விடியற்காலையில்தான் ஃபோன் வந்தது. அக்காவின் குரல் கிணுகிணுத்தது.

"எங்கை இருந்து கதைக்கிறன், சொல்லு பாப்பம்?"

"வேறெங்கை, என்ர காணியிலை இருந்துதான்."

"இல்லை."

"ஐயோ, எங்கை போனாய் பிறகு?"

"என்ர காணியிலை இருந்து கதைக்கிறன்."

எனக்கு விளங்கவில்லை. அவள் சிரித்தாள், மூச்சு வாங்கினாள், பிறகு சொன்னாள். மழையோடு கம்பித் தூண்கள் சில சாய்ந்துவிட்டனவாம். ஆமிப் பெடியள் வந்து புதுத்தூண் நட்டார்களாம். பழைய அடிக்கட்டையைச் சுற்றி வேம்பின் வேர். கிண்ட அவர்களுக்குப் பஞ்சி. கொஞ்சம் காம்புப் பக்கமாக, அக்காவின் பங்குக்கு உள்ளே தள்ளி, நட்டுவிட்டுப் போய்விட்டார்களாம்.

"எல்லா இடமும் ஒரே சோம்பேறியள்தான்" என்றாள். "ஒரு முழம் விட்டுப்போட்டாங்களடி. கதிரை ஒண்டு வைக்கக் காணும். வைச்சிட்டன். நாலு காலும் என்ர காணியிலை."

"அவங்களுக்குத் தெரியுமே?"

"வாயை மூடிக்கொண்டு இரு. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. இந்த முறை ஃபோனை நீட்டத் தேவையில்லை, அவ்வளவு கிட்டத்தில் இருந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆமியிடம் இருந்த சீதனக் காணியில் ஒரு முழத்தில் என் அக்கா ஏறி இருக்கிறாள். ஆனாலும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப ரிக்கெற் நாள் வருகுதெல்லோ. எப்ப வெளிக்கிடுறாய்?"

அக்கா, பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"நான் எழும்பினால் கம்பி நடந்திடுமடி."

குசினி யன்னல் சீலை திறந்தபடி கிடந்தது. வெளியே பனி இளகி, எங்கள் புதுவேலியின் அடியில் மண் கறுப்பாகத் தெரிந்தது. கொழுவியில் அவளுடைய கோட்டு அப்படியே தொங்கியது.

"சரி அக்கா" என்றேன். "இரு."